பக்கக் கோட்டருகே எழும் சினம்

கால்பந்து ஆட்டத்தில் பயிற்சியாளர் ஆடுவதில்லை. பதினொருவர் ஆடுவர், அவர் பக்கக் கோட்டிற்கு வெளியே நின்று பார்ப்பார். பந்தைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. ஆயினும் அணி தோற்றால் முதலில் பழி சுமப்பவர் அவரே. பொறுப்பு மிகுதியாகவும், தம் கைக்கு எட்டுவது குறைவாகவும் உள்ள இடத்தில் நிற்பவருக்குச் சினம் எழுவது இயல்பு. அச்சினத்தை அவர் அடக்கிக்கொள்ள வேண்டுமா, அன்றி அதுவே அணிக்கு ஊக்கம் தரும் என்று விட்டுவிடலாமா? உலகெங்கும் பேசப்படும் இவ்வினாவையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

விளையாட்டுச் செய்திக்கும் நம் இதழுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தேர்வு எழுதும் மகனுக்காகப் பள்ளி வாயிலில் காத்திருக்கும் தந்தையும், மகள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும், தொழிலைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுக் கடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெரியவரும் பக்கக் கோட்டருகே நிற்பவர்களே. செய்பவர் பிறர், பதைப்பவர் நாம். ஆதலின் பயிற்சியாளரைப் பற்றிய இவ்வினா நம் இல்லத்து வினாவும் ஆகும்.

ஆலங்குளம் வட்டாரம் அறிந்த உண்மை

1970-ஆம் ஆண்டில் சிமெண்ட் ஆலை தொடங்கப்பெற்ற ஆலங்குளம், விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசுத் தொழில் நிறைந்த சிவகாசிப் பகுதியை அடுத்துள்ளது. மருந்துக் கலவை எத்துணை எளிதில் தீப்பற்றும் என்பதை இவ்வட்டாரத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சிறு உராய்வு போதும். அதனால்தான் பட்டாசு ஆலைகளில் அறைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுகின்றனர். ஓர் அறையில் அமர்ந்து வேலை செய்வோரின் எண்ணிக்கைக்கும், அங்கு வைக்கும் மருந்தின் அளவிற்கும் வரம்பு உண்டு. மருந்து தீப்பற்றாது என்னும் நம்பிக்கையில் இவ்விதிகள் எழவில்லை. தீப்பற்றும் என்பதை ஒப்புக்கொண்டு, பற்றினாலும் அடுத்த அறைக்குச் செல்லாதிருக்க வழி செய்பவை இவை.

கால்பந்து விதிகளும் இதே முறையில் அமைந்துள்ளன. பயிற்சியாளர் நிற்பதற்கென்று ஒரு பகுதி குறிக்கப்பட்டுள்ளது. அது அணியினர் அமரும் இருக்கைகளின் இருபுறமும் 1 மீட்டர் அளவு நீளும்; முன்புறத்தில் பக்கக் கோட்டிற்கு 1 மீட்டர் இப்பால் முடிந்துவிடும். அதற்குள் இருந்தபடி அவர் அணிக்கு அறிவுரை கூறலாம். பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும். 2019 ஜூன் முதல், ஆடுவோருக்குக் காட்டுவது போலவே பயிற்சியாளருக்கும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் காட்டும் அதிகாரம் நடுவருக்கு உலக அளவில் விதியாக வழங்கப்பட்டது. அவ்விதியில் கருதத்தக்க பகுதி ஒன்றுண்டு. இருக்கைப் பகுதியில் குற்றம் இழைத்தவர் யாரென்று தெரியவில்லையெனில், அங்குள்ள தலைமைப் பயிற்சியாளரே அட்டையைப் பெற வேண்டும். தம்மைச் சார்ந்தோரின் சினத்திற்கும் தலைவரே பொறுப்பு என்பது இதன் கருத்து.

சினத்தின் நான்கு கோடுகள்

நம் ஆகமங்கள் சினம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்னும் நான்கையும் கஷாயங்கள் என்று கூறுகின்றன. இவற்றுள் சினமாகிய குரோதத்தை அதன் கடுமைக்கேற்ப நான்கு வகையாகப் பிரித்து, நான்கு கோடுகளை உவமையாகக் காட்டுவர். கல்லில் கீறிய கோடு, நிலத்தில் பிளந்த கோடு, புழுதியில் இழுத்த கோடு, நீரில் வரைந்த கோடு என்பன அவை. நீர்க்கோடு போன்ற சினத்தின் பதிவு ஒரு முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள், நீங்கிவிடும். புழுதிக்கோடு போன்றது ஒரு பட்சம், அதாவது பதினைந்து நாள் வரை நிற்கும். நிலப்பிளவு போன்றது ஆறு மாதம் வரை தங்கும். கல்லில் கீறியது பிறவிகள்தோறும் தொடரும்.

இப்பாகுபாட்டில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. இல்லறத்தாருக்குச் சினமே எழாது என்று ஆகமம் கூறவில்லை. எழுந்த சினம் எத்தனை காலம் தங்குகிறது, எதன்மேல் பதிகிறது என்று ஆராயச் சொல்கிறது. பயிற்சியாளரையும் இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

பெங்களூரில் நிகழ்ந்த இரண்டு

2023-ஆம் ஆண்டில் பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது மார்ச் 3-ஆம் நாள் நடந்த இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். பெங்களூர் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. கூடுதல் நேரத்தில் பெங்களூர் அணிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எதிரணியினர் தடுப்பு அமைத்து நிலைகொள்வதற்கு முன்பே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் செலுத்திவிட்டார். நடுவர் அதை ஏற்றார். இது முறையன்று என்று கருதிய கேரளா அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச், தம் வீரர்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டார். ஆட்டம் அத்துடன் முடிந்தது. வெற்றி பெங்களூருக்கு வழங்கப்பட்டது.

அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, கேரளா அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்களுக்குத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் பின்னர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அதே ஆண்டு அக்டோபர் இறுதியில்தான் லீக் ஆட்டத்தில் அணியின் அருகே மீண்டும் நிற்க முடிந்தது. சில நொடிகளில் எழுந்த சினத்தின் விளைவு ஏழு மாதத்திற்கு மேல் நீண்டது. நடுவரின் தீர்ப்பு சரியா, பிழையா என்பது வேறு வினா. பிழை என்றே வைத்துக்கொண்டாலும், எஞ்சியிருந்த நேரத்தில் ஒரு கோல் அடித்துச் சமன் செய்யும் வாய்ப்பு வீரர்களுக்கு இருந்தது. அவ்வாய்ப்பை அவர்களிடமிருந்து பறித்தது எதிரணியும் அன்று, நடுவரும் அல்லர்.

இரண்டாவது நிகழ்ச்சி அதே மைதானத்தில் ஜூன் 21-ஆம் நாள் நடந்தது. தெற்காசியக் கால்பந்துப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானை எதிர்த்து ஆடியது. முதற்பாதி முடியும் தறுவாயில் இந்தியா இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறிய நின்ற பாகிஸ்தான் வீரரின் கையிலிருந்து அப்பந்தை இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் தட்டிவிட்டார். இருதரப்பினரும் நெருக்கித் தள்ளிக்கொண்டனர். எதிரணி ஆட்டத்தைத் தொடரவொட்டாமல் தடுப்பது பயிற்சியாளரை வெளியேற்றுதற்குரிய குற்றம் என்று விதி கூறுகிறது. அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. தம் வீரர்களைக் காப்பதற்காக மீண்டும் அவ்வாறே செய்வேன் என்னும் கருத்தை அவர் பின்னர் வெளியிட்டார். அடுத்த ஆட்டத்தில் தடை. தடை முடிந்து வந்து ஜூன் 27-இல் குவைத்துடன் நடந்த ஆட்டத்திலேயே மீண்டும் ஒரு சிவப்பு அட்டை பெற்றார். இம்முறை இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. அவ்விரண்டும் அரையிறுதியும் இறுதியுமாக அமைந்தன.

லெபனானையும் குவைத்தையும் பெனால்டி உதைகளில் வென்று ஜூலை 4-ஆம் நாள் இந்தியா கோப்பையைக் கைக்கொண்டபோது, அணியின் அருகே நின்று வழிநடத்தியவர் துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி. கோப்பை கிடைத்தது என்பதால் தலைமைப் பயிற்சியாளரின் செயல் சரியாகிவிடாது. அவர் இன்றியும் வென்றனர் என்பதால் அவர் தேவையற்றவர் என்பதும் ஆகாது. காப்பதற்கென்று செய்த செயல், காக்க வேண்டிய நாளில் அவரைக் காப்போரின் இடத்திலிருந்து அகற்றிவிட்டது என்பது மட்டும் உறுதி.

மறுப்போர் கூறுவது

உணர்ச்சியற்ற மரம்போல் நிற்பவர் நல்ல பயிற்சியாளர் ஆவாரா என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானதே. இத்தாலியரான கார்லோ ஆன்செலோட்டி ஆரவாரமின்றி நிற்பவர். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பயிற்சியாளராக ஐந்து முறை வென்றவர். ஜெர்மானியரான யூர்கன் க்ளாப் உணர்ச்சி பொங்க நிற்பவர். அவரும் அக்கோப்பையை 2019-இல் வென்றார். ஆதலின் அமைதியானவர் வெல்வார், கொதிப்பவர் தோற்பார் என்று நாம் வாதிட இயலாது.

எனினும் அதே க்ளாப், 2018 டிசம்பரில் எவர்ட்டன் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தம் லிவர்பூல் அணி கோல் அடித்த மகிழ்ச்சியில் மைதானத்திற்குள் ஓடிச் சென்று தம் கோல்காப்பாளரைத் தழுவிக்கொண்டார். அதற்காக 8,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. எதிரணிப் பயிற்சியாளரிடம் அவர் மன்னிப்பும் கோரினார். மகிழ்ச்சியும் எல்லை கடக்கும் என்பதற்கு இது சான்று. நம் ஆகமங்கள் சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம் முதலியவற்றையும் நோகஷாயங்கள் என்று எண்ணி வைத்தமையின் பொருத்தம் இங்கு விளங்கும். உணர்ச்சி இன்னது என்பது ஒருபுறம் இருக்க, அது கோட்டைக் கடந்ததா என்பதே நடுவர் பார்ப்பது. நாமும் பார்க்க வேண்டுவது.

இடமறிந்து வைத்த உணர்ச்சி

அடக்கம் என்பது உணர்ச்சியை அழித்துவிடுவதன்று என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம், ஆசிரியராகப் பணிபுரிந்தவர். இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தமையால் உள்ளூர் மக்கள் இந்தியர்மேல் கடுஞ்சினம் கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா தோற்றிருந்தது. ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. சினங்கொள்ளவும் கலங்கவும் காரணங்கள் நிறைந்திருந்த நிலை அது.

இறுதி ஆட்டத்திற்கு முன் அவர் வீரர்களிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது தங்கப் பதக்கம் என்றும் உள்ளம் உருகக் கேட்டதாக அவ்வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். செப்டம்பர் 4-ஆம் நாள், இந்தியருக்கு எதிராக முழங்கிய பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென்கொரியாவை 2-1 என்னும் கணக்கில் இந்தியா வென்றது. மறு ஆண்டு ஜூன் மாதம் ரகீம் மறைந்தார். அவருடைய உணர்ச்சி சிறிதன்று; அதை அவர் வைத்த இடமும் காலமும் சரியானவை.

கழுகுமலை காட்டும் பாடம்

ஆலங்குளத்திற்குத் தெற்கே உள்ள கழுகுமலைப் பாறையில், பாண்டியர் காலத்துச் சிற்பங்களிடையே கொடி படர நிற்கும் பாகுபலியின் உருவம் உள்ளது. பரதனும் பாகுபலியும் பகைத்தபோது படைகள் மடிய வேண்டாம் என்று அமைச்சர்கள் வேண்ட, பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என்னும் மூன்றால் வெற்றியை முடிவு செய்ய இருவரும் இசைந்தனர் என்று ஆதிபுராணம் கூறும். உயிர்க்கொலையற்ற, விதி வகுத்த போட்டி அது. மூன்றிலும் தோற்ற பரதன் விதியை மறந்து தம்பிமேல் சக்கரத்தை ஏவினான். தமையனைத் தூக்கிய கைகளாலேயே அவனுக்கு ஊறு செய்யாமல் இறக்கிவிட்ட பாகுபலி, சக்கரத்திற்கு மறு ஆயுதம் தேடவில்லை, அரசையே துறந்தான். பரதன் தீயவன் அல்லன். பின்னர் அவனும் வீடுபேறு எய்தியவனே. நல்லவரையும் தோல்வியின் நொடி ஆட்டிவைக்கும் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

நாம் செய்யத்தக்கவை

ஊர்ப் பள்ளி மைதானங்களில் கோடிக்கணக்கில் அபராதம் இல்லை; இழப்பு வேறு வகையில் நேர்கிறது. கோலைத் தவறவிட்ட சிறுவனைப் பலர் முன்னிலையில் ஏசினால், அவன் அடுத்த நாள் வராமல் நின்றுவிடக்கூடும். நடுவராக நிற்கும் இளைஞரை இழிவாகப் பேசினால், அவர் மீண்டும் ஊதல் எடுக்கத் தயங்குவார். ஆதலின் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, காயத்தை அடக்குதல். மனம் கொதிக்கும்போது அதை உடனே தணிப்பது அரிது. காலைக் கோட்டிற்கு இப்பால் நிறுத்துவது எளிது. எளியதிலிருந்து தொடங்குக.

இரண்டாவது, வாக்கை அடக்குதல். குரலை உயர்த்தலாம், ஆளை இகழலாகாது. என்ன செய்ய வேண்டும் என்று கூவுவது பயிற்சி. செய்தவனைப் பழிப்பது சினம்.

மூன்றாவது, முறையீட்டிற்குரிய வழியை அறிதல். அநீதி நேர்ந்தால் வாய்மூடி இருக்க வேண்டுவதில்லை. ஆட்டம் முடிந்தபின் போட்டி நடத்துவோரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். ஆட்டத்தை நிறுத்துவது முறையீடு ஆகாது.

நான்காவது, மனத்தைப் பழக்குதல். சாமாயிகத்தில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அமைதியாக அமர்தல் நம் மரபு. கால்பந்தில் ஒரு பாதி 45 நிமிடம். நாள்தோறும் ஒரு முகூர்த்தம் தன்னைத் தானே நோக்கி இருக்கப் பழகியவருக்கு, ஒரு பாதி நேரம் கோட்டருகே நிற்பது இயலாத செயலன்று.

எனவே, பயிற்சியாளர் உணர்ச்சியை அடக்க வேண்டுமா என்னும் வினாவிற்கு, ஆம் என்பதே நம் விடை. அவர் தம்முடைய பெருமைக்காக அடக்க வேண்டுவதில்லை. தம்மை நம்பி உள்ளே ஆடும் பதினொருவருக்காக அடக்க வேண்டும். சினம் எழுமாயின் அது நீர்மேல் கோடாக எழுந்து மறைக.

இல்லத்தில் கலந்துரையாட

1. சினத்தின் நான்கு கோடுகள் யாவை? அவை எத்தனை காலம் நிற்கும்?

2. நடுவரின் தீர்ப்பு பிழை என்று உறுதியாகத் தெரிந்தாலும் ஆட்டத்தைத் தொடர வேண்டுமா? ஏன்?

3. ரகீம் தம் உணர்ச்சியை வெளியிட்ட காலத்திற்கும், மற்ற இருவர் வெளியிட்ட காலத்திற்கும் உள்ள வேறுபாடு என்ன?

4. நம் வீட்டில் யார் யார், எப்போதெல்லாம் பக்கக் கோட்டருகே நிற்கிறோம்?