வளையத்தை முடிக்கும் வடம்

பூமாலையைக் கண்டு மகிழ்வோர் பலர். அதைத் தொடுத்த நாரை நினைப்போர் மிகச் சிலர். பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது பழமொழி. நார் அறுந்தால் பூக்களின் கதி என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கணிப்பொறி வலையமைப்பிலும் அத்தகைய நார் ஒன்று உண்டு. அடுக்கி வைத்த சுவிட்சுகளைப் பின்புறமாக இணைக்கும் வடமே அது. அதைப் பற்றிச் சிறிது காண்போம்.

அடுக்கு எதற்காக?

ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகள் யாவும் சுவிட்ச் என்னும் கருவியில் வந்து சேருகின்றன. ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தியை உரிய கணிப்பொறிக்குக் கொண்டு சேர்ப்பது அதன் பணி. ஒரு சுவிட்சில் பெரும்பாலும் 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும். கணிப்பொறிகள் 150 ஆனால் 48 போர்ட்டு சுவிட்சுகள் நான்கு வேண்டும். இந்த நான்கையும் எவ்வாறு இணைப்பது?

சாதாரண போர்ட்டுகளைக் கொண்டே இணைத்துவிடலாம். ஆனால் அதில் இடர்ப்பாடுகள் உள்ளன. ஒவ்வொரு போர்ட்டும் நொடிக்கு 1 கிகாபிட் வேகம் உடையது என்று கொள்வோம். 48 போர்ட்டுகளின் போக்குவரத்து முழுவதும் 1 கிகாபிட் இணைப்பின் வழியே அடுத்த சுவிட்சுக்குச் செல்ல நேர்ந்தால், அது தேர்த்திருவிழாக் கூட்டத்தை ஒற்றையடிப் பாதையில் விட்டது போலாகும். பாதுகாப்புக்காக இரண்டாவது பாதை ஒன்றை இட்டு வளையமாக்கினாலோ, சில செய்திகள் முடிவின்றிச் சுற்றத் தொடங்கிவிடும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985இல் 'ஸ்பேனிங் ட்ரீ' முறையை வகுத்தார். அம்முறை வளையத்தில் ஒரு பாதையை அடைத்து வைக்கிறது. வேறொரு பாதை அறும்வரை அந்த வடம் பயனின்றிக் காத்திருக்கும்.

அடுக்கு வடம்

இக்குறைகளைப் போக்க வந்ததே அடுக்கு இணைப்பு. சிஸ்கோ நிறுவனம் 2003இல் வெளியிட்ட கேட்டலிஸ்ட் 3750 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அச்சுவிட்சின் பின்புறத்தில் இரண்டு தனிப் போர்ட்டுகள் இருந்தன. அவற்றில் செருகும் வடம் தடித்தது. செருகியின் இரு பக்கமும் திருகாணிகள் உண்டு. அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் என மூன்று நீளங்களில் அது கிடைத்தது. 9 சுவிட்சுகள் வரை ஒரே அடுக்காக இணைக்கலாம். வளையம் முழுமையாக இருந்தால் நொடிக்கு 32 கிகாபிட் செல்லும். 2013இல் வந்த கேட்டலிஸ்ட் 3850இல் இது 480 கிகாபிட்டாக உயர்ந்தது.

இவ்வாறு இணைந்த சுவிட்சுகள் ஒரே சுவிட்சாக இயங்குகின்றன. முகவரி ஒன்று, நிர்வாகமும் ஒன்று. அவற்றுள் ஒன்று தலைமை ஏற்கும். 3750இல் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் தரலாம். தேர்தலின்போது பெரிய எண் உடையதே தலைமைக்கு உரியது. தலைமை பழுதுபட்டால் மற்றொன்று அப்பொறுப்பை ஏற்கும்.

ஒன்றை மனத்தில் கொள்ளல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் அடுக்கு வடம் மற்றொன்றின் சுவிட்சுக்குப் பெரும்பாலும் உதவாது. தொலைக்காட்சிக்குரிய எச்.டி.எம்.ஐ. செருகியின் வடிவையே அடுக்குக்குப் பயன்படுத்திய சுவிட்சுகளும் உண்டு. அதனால் அதைத் தொலைக்காட்சியில் மாட்டிப் படம் பார்க்க இயலாது. செருகி பொருந்துவது வேறு. இணைப்பு பொருந்துவது வேறு.

மூன்று வடங்களின் கதை

சென்ற கோடை விடுமுறையில் பயிற்சிக்காக ஓர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே ஓர் இரும்புச் சட்டத்தில் நான்கு சுவிட்சுகள் இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து நான்குக்கும் வடம் இருந்தது. நான்கிலிருந்து மீண்டும் ஒன்றுக்கு வர வேண்டிய வடம் மட்டும் இல்லை. அரை மீட்டர் வடம் எட்டவில்லை. நீள வடம் பிறகு வாங்கலாம் என்று அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டனர். எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது என்பது அவர்கள் எண்ணம்.

ஒருநாள் காலை இரண்டாவது சுவிட்சின் மின்வழங்கி பழுதுபட்டது. அதில் இணைந்த கணிப்பொறிகள் நின்றதில் வியப்பில்லை. ஆனால் பழுதில்லாத மூன்றிலும் நான்கிலும் இருந்தவர்களும் தவித்தனர். விளக்குகள் பச்சையாக எரிந்தன. சர்வர் மட்டும் கிட்டவில்லை. ஏனெனில் சர்வருக்குச் செல்லும் வழி முதல் சுவிட்சில் இருந்தது. சங்கிலியின் நடுக்கண்ணி அறுந்ததும் கீழ்ப்பாதி தனித்துவிட்டது. ஒரே முகவரியோடு இரண்டு அடுக்குகள் உருவாகின. சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாள் அது. மாலை வரை பணி நடக்கவில்லை.

அங்கிருந்த மூத்த பொறியாளர் புதிய வடம் எதுவும் கேட்கவில்லை. பெட்டியில் இருந்த நான்காவது வடத்தை எடுத்தார். ஒன்றை இரண்டோடும், இரண்டை நான்கோடும், நான்கை மூன்றோடும், மூன்றை ஒன்றோடும் இணைத்தார். எந்த வடமும் ஒரு சுவிட்சுக்கு மேல் தாண்டவில்லை. அரை மீட்டரே போதுமாயிற்று. வளையமும் முழுமை பெற்றது. சுவிட்சுகள் நிற்கும் வரிசையும் வளையம் சுற்றும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். இனி இரண்டு நின்றாலும், நான்கு, மூன்று, ஒன்று என வழி எஞ்சும். 3750இல் ஒரு வடம் அறுந்தால் வேகம் 32இலிருந்து 16 கிகாபிட்டாகக் குறையுமே தவிர, தொடர்பு அறுவதில்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. சுவிட்சுகள் எத்தனையோ, வளையத்திற்கு வடங்களும் அத்தனை. இரண்டே சுவிட்சானாலும் வடம் இரண்டு வேண்டும்.

2. திருகாணிகளை முழுவதும் இறுக்க வேண்டும். பாதி செருகிய வடம் அறுந்த வடத்திற்குச் சமம்.

3. புதிய சுவிட்சை மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அடுக்கில் சேர்க்க வேண்டும். இயங்கும் நிலையில் சேர்த்தால் இரண்டு தலைமைகள் எதிர்ப்படும். தோற்ற பக்கத்துச் சுவிட்சுகள் மறுபடி தொடங்கும்.

4. சர்வருக்குச் செல்லும் வழியை ஒரே சுவிட்சில் வைக்காமல் இரண்டில் வைப்பது நலம். வளையம் எவ்வளவு வலுவாயினும், அந்த ஒரு சுவிட்ச் நின்றால் வழியும் அடைபடும்.

நண்பர்களே, நான்காவது வடம் இல்லாமலும் அந்த அலுவலகம் பல மாதங்கள் நடந்தது. ஆகவே அது தேவையற்றது என்று எண்ணினர். நன்றாக ஓடும் நாளில் ஒரு பொருளின் தேவையை அளக்கலாகாது. ஆய்வகத்தில் நாளை நாம் ஓர் அடுக்கை அமைக்கும்போது, முன்புறத்தில் எரியும் விளக்குகளைப் பார்த்து மன நிறைவு கொள்ளாமல், ஒருமுறை பின்புறமும் சென்று வடங்களை எண்ணிப் பார்ப்போமாக!