மரம் நட நல்ல மாதம் எது?



இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாத விடுமுறையில், ரஹாங்கில் எங்கள் கோயில் ஓரமாகப் பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். வேம்பு, வில்வம், மா. படம் எடுத்தோம், பானகம் குடித்தோம், கிளம்பிவிட்டோம். ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் மிஞ்சியது மூன்றுதான்.

"மண்ணு சரியில்ல தாத்தா" என்றேன். தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். "மண்ணு மேல ஏன்டா பழி போடுற? லீவு எப்போன்னு பாத்து நட்டீங்க. மழை எப்போன்னு பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். நம் பக்கம் வருடத்தில் இரண்டு முறை மழை கூடும்: ஏப்ரல்-மே, பிறகு அக்டோபர்-நவம்பர். இரண்டில் பெரியது அக்டோபர்-நவம்பர். மழை மிகவும் குறைவது ஜூன்-ஜூலையில். நாங்கள் தேடிப்பிடித்தது அந்த மாதத்தைத்தான்!

குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் மரம் நடுவார்கள். அப்போது காற்று குளிர்ந்திருக்கும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும். இலை உதிர்வதால் நீர்ச்செலவு குறையும், வேர் வளரும். அடுத்த கோடைக்குள் மரம் ஊன்றிக்கொள்ளும்.

நம் பால்மரமும் இலை உதிர்க்கும். ஆனால் அது பிப்ரவரி வாக்கில், வறட்சியில். அது நடுகிற காலமல்ல. ஆகவே பெயரைப் பார்க்காமல் காரணத்தைப் பார்க்க வேண்டும்: வறட்சி வருமுன் வேருக்கு அவகாசம் வேண்டும். நமக்கு அந்த அவகாசம் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில். பழந்தமிழர் கூதிர் என்று பிரித்து வைத்த பருவம் இதுதான்.

இது வரவு செலவுக் கணக்கு. பையிலிருந்து எடுத்த கன்றுக்கு வேர் கொஞ்சம், இலை அதிகம். வெயிலில் இலை செலவழிக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. மழைக்காலத்தில் செலவு குறைகிறது, வரவு கூடுகிறது.

நடும்போது கவனிக்க வேண்டியவை:

1. குழி பையைவிட இரு மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் பையின் உயரம் போதும்.
2. பையைக் கிழித்து எடுங்கள். சுற்றிச் சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள்.
3. தண்டின் அடிப்பகுதியை மண்ணில் புதைக்காதீர்கள்.
4. களிமண்ணில் குழியே குளமாகும், வேர் அழுகும். அங்கே மண்ணை மேடாக்கி நடுங்கள்.
5. சருகைச் சுற்றிலும் போடுங்கள். தண்டைத் தொடக் கூடாது.
6. அரசு, ஆல் இரண்டையும் சுவர், கால்வாய் பக்கம் நடாதீர்கள். வேர் உடைத்துவிடும்.

சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு நாவல் என்று தலத்துக்கொரு மரம் வைத்தவர்கள் நாம். தாத்தா வேலை செய்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, கோயிலும் இல்லை. கோயில் இருந்த இடத்தைக் காட்ட ஓர் அரசமரம் மட்டும் நிற்கிறது. நாம் நடுவதும் அப்படி நிற்க வேண்டாமா?

2021 ஜனவரியில் நம் நாட்டில் 10 கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கியது. நட்டதை எண்ணுவது சுலபம். பிழைத்ததையும் எண்ணுவோம்.

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம், காலியான ஒன்பது இடத்திலும் மறுபடி நட்டோம். மார்ச் மாதம் தாத்தாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எட்டு நிற்கிறது. ஒன்பதாவதைத் தேடினார். "அதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்று கேட்டார். என் முறைதான்.

சிந்திக்க: உங்கள் கோயிலில் கடைசியாக நட்ட கன்று எந்த மாதம் நடப்பட்டது? இன்று அது எப்படி இருக்கிறது?