எண்ணெய் காயட்டும், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

லண்டனிலிருந்து நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. புதிதாக வாங்கிய டீப் ஃபிரையரில் பிள்ளைகளுக்கு வெங்காய வளையம் பொரித்தபோது மாவு வேறு, வெங்காயம் வேறாகக் கழன்றுவிட்டதென்றும், கடித்தால் வாய் முழுக்க எண்ணெய் என்றும் எழுதியிருக்கிறீர். அதே மெஷினில் எங்கள் ஊர் வடையும் சுட்டுப் பார்த்தீராம். அது இரண்டாம் நாளே மொறுமொறுப்புப் போய் இளகிவிட்டதாம். மாவில் என்ன பிழை என்று கேட்கிறீர். நீர் எழுதிய அளவுகளைப் பார்த்தேன். மாவில் ஒரு பிழையும் இல்லை. எண்ணெய் காய முதல் போட்டிருக்கிறீர், அவ்வளவுதான்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் அதைப் போட்டவுடன் மேல்மாவின் ஈரம் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியே வரும். சட்டியில் எழும்பும் நுரையும் சத்தமும் அந்த ஆவிதான். அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே போக முடியாது. அந்த நேரத்துக்குள் மேல்மாவு இறுகி ஓடு கட்டிவிடும். எண்ணெய் 140 பாகை செல்சியஸில் நிற்கும்போதே போட்டீரென்றால் ஓடு கட்டச் சுணங்கும். அதற்குள் வெங்காயம் தன் தண்ணீரை விட்டு மாவை உள்ளிருந்தே நனைத்துவிடும். மாவு வழன்று கழலுவது இதனால்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் அதிகமாக உள்ளே இறங்குவது பொரியும்போது அல்ல; வெளியே எடுத்து ஆறும்போதுதான். ஆவி அடங்கியதும், மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை மாவு உள்ளே இழுக்கும். ஆகவே எடுத்தவுடன் கூடையை உதறி, கம்பித் தட்டில் பரப்பிவிடும். குவித்து மூடி வைத்தால் தன் ஆவியிலேயே எல்லாம் நனைந்துபோகும்.

வெங்காய வளையத்துக்கு 180 முதல் 190 பாகை வேண்டும். எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்பது எண்ணெயின் அளவையும் மெஷினின் வாட் கணக்கையும் பொறுத்தது. மூன்று லீற்றர் எண்ணெயும் 2000 வாட் மெஷினும் என்றால் கணக்குப்படி எட்டு நிமிடமளவில் 180ஐத் தொடும். சுற்றுச் சூழலுக்குப் போகும் வெப்பத்தையும் சேர்த்துப் பத்து, பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளும். ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரருக்கு இதே கணக்கைச் சொல்லிவிடாதேயும். அங்கே 120 வோல்ற் மின்சாரம். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 1500 வாட் அளவில்தான் இருக்கும், இன்னும் சுணங்கும்.

மெஷினில் எரியும் வெளிச்சம் அணைந்ததும் போட்டேன் என்கிறீர். முதல் தடவை அணைவதை நம்பவேண்டாம். வெப்பத்தை அறியும் உறுப்பு சூடாக்கும் கம்பிக்குக் கிட்ட இருந்தால், அந்த இடத்து எண்ணெய் காய்ந்தவுடனேயே அது மெஷினை நிறுத்திவிடும். மேல் எண்ணெய் அப்போது சூடேறி முடிந்திருக்காது. வெளிச்சம் திரும்பவும் எரிந்து இரண்டாம் முறை அணையட்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே இல்லை.

வளையத்தைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் சின்ன வெங்காயம் இதற்கு ஆகாது, பம்பாய் வெங்காயம்தான் வேண்டும். ஒரு சென்றிமீற்றர் தடிப்பில் வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் உட்பக்கத்திலும் இருக்கும் மெல்லிய தோலை உரித்து எறியும். அந்தத் தோலில் மாவு பிடிக்காது. துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, முதலில் வறண்ட கோதுமை மாவில் பிரட்டி, பிறகு கரைத்த மாவில் தோய்க்க வேண்டும். கூடைக்குள் அடுக்கி இறக்கினால் மாவு கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். கூடையை எண்ணெய்க்குள் இறக்கிவிட்டு வளையங்களை ஒவ்வொன்றாக விடும். கடையில் வாங்கிய உறைந்த வளையம் என்றால் உருகவிடாமல் அப்படியே போடும்.

இனி வடைக்கு வருவோம். எனக்கு அதில்தான் கூட அக்கறை.

பருத்தித்துறை வடை என்று உலகமெல்லாம் பொதியில் போகிற தட்டைவடையை இங்கே வீடுகளில் பெண்கள்தான் சுடுகிறார்கள். ஊறவைத்த உழுந்து, கோதுமை மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு என்று சாமான் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, எண்ணெய் பூசிய தாளில் வைத்து மெல்லிசாகத் தட்டுவார்கள். சுடுகிற அக்காமாரைப் பக்கத்தில் நின்று பாரும். தாச்சியில் எண்ணெய் வைத்துவிட்டு அவசரப்படவே மாட்டார்கள். ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போடுவார்கள். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. போட்ட உடனே கறுத்தால் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுப்பார்கள். அடிக்குப் போய், சுற்றிவரக் குமிழி விட்டுக்கொண்டு ஆறுதலாக மேலே வந்தால்தான் முதல் வடை இறங்கும்.

அதற்குப் பிறகு அவர்கள் கண்ணை விடக் காதைத்தான் நம்புகிறார்கள். வடை இறங்கியதும் சோவென்று இரையும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் குமிழி மட்டும் வரும். உழுந்துக்குள் இருந்த தண்ணீர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் கண்ணகப்பையால் அள்ளுவார்கள். நிறம் வந்துவிட்டதே என்று அதற்கு முதல் எடுத்தால், உழுந்தில் நின்ற ஈரம் ஆறிய பிறகு வெளியே பரவி, வடை இளகிவிடும். உம்முடைய வடைக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வளையத்துக்கு வைத்த சூட்டிலேயே வடையையும் போட்டிருப்பீர். 185 பாகையில் வடையின் விளிம்பு சிவந்துவிடும், உழுந்து காய்ந்திருக்காது. வடைக்கு 160, 165 போதும். கொஞ்சம் கூட நேரம் கிடக்கட்டும்.

எந்த எண்ணெய் என்று நீர் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் 175 பாகையளவில் புகையத் தொடங்கும். எங்கள் ஆட்கள் தேங்காயெண்ணெயில் அளவான நெருப்பில் வடை சுட்டது அந்த எண்ணெய்க்கு மிகப் பொருத்தமான வழக்கம். அதே எண்ணெயில் வெங்காய வளையத்துக்காக 190 வைத்தால் குசினி முழுக்கப் புகைதான். வளையத்துக்குச் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் நல்லது. 220 பாகை தாண்டியும் தாங்கும். தேங்காயெண்ணெய்தான் வேண்டும் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். இங்கேயே மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் கட்டியாகிறது, லண்டனில் கேட்கவே வேண்டாம். உறைந்த எண்ணெயோடு மெஷினைப் போடவே கூடாது. கம்பியைத் தொடுகிற இடம் மட்டும் அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும். வேறு சட்டியில் மெல்லிய சூட்டில் உருக்கிவிட்டு ஊற்றும்.

எண்ணெயின் அருமை இங்கே எல்லாருக்கும் தெரியும். 2021 ஏப்ரலில் அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு எரிவாயு சிலிண்டருக்கு நாடு முழுவதும் வரிசை. குசினிகளில் திரும்பவும் விறகு புகைந்தது. எண்ணெயும் நெருப்பும் இப்படி முடைப்பட்ட காலங்களிலும், காயாத எண்ணெயில் மாவைப் போட்டு இரண்டையும் வீணாக்க நல்ல கைக்காரி ஒருத்தியும் துணியமாட்டாள். அரைகுறைச் சூட்டில் பொரித்தால் எண்ணெய்தான் கூடக் குடிக்கும். காயவிடுவதற்கு எரிக்கும் பத்து நிமிட எரிபொருள் அதைவிட மலிவு. அதற்காகக் கறுக்கப் பொரிக்கவும் வேண்டாம். மாப்பொருளை மிகுந்த சூட்டில் சிவக்கவிடும்போது அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். பொன்னிறத்தோடு நிறுத்தும்.

சூடேற்றியபின் செய்கிற பிழை ஒன்று பாக்கி. கூடை நிறையப் போடுவது. குளிர்ந்த மா ஒரேயடியாக இறங்கினால் சூடு இருபது, முப்பது பாகை விழுந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்திருந்ததற்குப் பலனில்லை. கூடையில் பாதிக்குமேல் போடாதேயும். ஒரு ஈடு எடுத்து அடுத்த ஈடு போட முதல், வெளிச்சம் அணையும்வரை திரும்பவும் பொறும். பிள்ளைகள் மேசையில் கத்தினாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் தட்டாதேயும். எண்ணெய் காயும் அந்தப் பத்து நிமிடமும் குசினியை விட்டுப் போகாதேயும், போன் வந்தாலும்கூட. கூடையையும் கரண்டியையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு இறக்கும். எண்ணெய் மட்டம் உள்ளே போட்டிருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கட்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து எழுநூறு மடங்காகப் பெருகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை வீசும். எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் சுவிச்சை அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தி, 999க்கு அழையும். வீட்டில் எல்லாருக்கும் இதை இன்றைக்கே சொல்லிவையும்.

அன்புடன்,
பருத்தித்துறையிலிருந்து அக்கா