படம் வேறு, டிஸ்க் வேறு!

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதில் சிடி எங்கே போடுவது?" இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் கிடையாது. அதனால் அடுத்த கேள்வியும் உடனே வந்துவிடும். "அப்படியென்றால் வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?"

காலாப்பட்டில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் எழுந்தது. அப்பா சேர்த்து வைத்த விசிடி, டிவிடிகள் பீரோவின் கீழ்த் தட்டு முழுவதும் இருந்தன. 2007ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிய பிறகு சேர்ந்தவையே அதிகம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்பது அம்மாவின் முடிவு. அப்பாவும் தலையாட்டிவிட்டார். "எதுவும் சரியா தெரியலப்பா. 'நாயகன்' கூட ஒரே இருட்டு. ஏன் இவ்வளவு பெருசா பேசுறாங்கன்னே புரியல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. 1987ல் வந்த 'நாயகன்' படத்துக்காக பி.சி. ஸ்ரீராம் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றவர். அப்பா குறை சொன்னது படத்தையா, அல்லது டிஸ்க்கையா? தூக்கிப் போடும் முன் இதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று நினைத்தேன். நான் செய்து பார்த்ததை நீங்களும் செய்யலாம்.

தேவையானவை

முதலில் யுஎஸ்பி மூலம் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும். இதற்குத் தனியாகக் கரன்ட் தேவையில்லை. கம்ப்யூட்டரில் இருந்தே எடுத்துக் கொள்ளும். ஆகவே யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகுங்கள். புளூ-ரே டிஸ்க்குகளை டிவிடி டிரைவ் படிக்காது.

அடுத்து, பிளேயர் புரோகிராம். விண்டோஸ் 8 (2012) முதல் விண்டோஸ் மீடியா பிளேயரில் டிவிடி ஓடுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மீடியா பிளேயரை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். டிஸ்க்கைப் போட்டு, விஎல்சியில் மீடியா மெனு சென்று ஓப்பன் டிஸ்க் என்பதைக் கிளிக் செய்யுங்கள். டிவிடி அல்லது விசிடி எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து பிளே கொடுங்கள். அவ்வளவுதான்.

நிமிடத்துக்கு எத்தனை எம்பி?

ஒரு டிஸ்க்கின் தரத்தை அட்டைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

1. திஸ் பிசி சென்று டிவிடி டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் திறக்கவும். யூஸ்டு ஸ்பேஸ் எவ்வளவு என்று குறித்துக் கொள்ளவும்.
2. அதை 1024ஆல் பெருக்கி எம்பி ஆக்கவும்.
3. டிஸ்க்கில் உள்ள மொத்த நிமிடங்களால் வகுக்கவும்.

4.7 ஜிபி டிவிடி முழுவதும் நிரம்பி இருந்தால் விண்டோஸ் அதை 4.37 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று அதில் இருந்தால் நிமிடத்துக்கு 30 எம்பி கிடைக்கிறது. இரண்டு அடுக்குள்ள 8.5 ஜிபி டிவிடி என்றால் 54 எம்பி வரை போகும். அதே 4.7 ஜிபி டிஸ்க்கில் "3 இன் 1" என்று மூன்று படங்களைத் திணித்தால் நிமிடத்துக்கு வெறும் 10 எம்பிதான்.

விசிடிக்கும் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பிதான்! இத்தனைக்கும் விசிடியின் படம் 352 x 288 புள்ளிகள். டிவிடியின் படம் 720 x 576. நான்கு மடங்கு பெரிய படத்தை அதே 10 எம்பிக்குள் அடைத்தால் என்ன ஆகும்? ஒரு ஆள் சாப்பாட்டை நாலு பேருக்குப் பரிமாறிய கதைதான். ஆகவே "3 இன் 1" டிவிடி பற்றிய எனது கருத்து: அட்டையில் மூன்று படம், உள்ளே ஒரு படம் கூட முழுதாக இல்லை.

'நாயகன்' சோதனை

அப்பா பார்த்தது விசிடி. அதில் இடம் குறைவு என்பதால் படத்தைச் சுருக்கும்போது நுணுக்கங்கள் கழிக்கப்படுகின்றன. பளிச்சென்ற பகல் காட்சியில் இது அவ்வளவாகத் தெரியாது. இருட்டில் லேசான வெளிச்ச வித்தியாசங்கள்தான் முதலில் பலியாகும். முகம், சுவர், நிழல் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டங்களாகிவிடும். 'நாயகன்' நிழலையும் குறைந்த வெளிச்சத்தையும் வைத்தே எடுக்கப்பட்ட படம். விசிடியில் அது என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லூரி நண்பர் ஒருவரிடம் அதே படத்தின் டிவிடியை வாங்கி வந்தேன். கணக்குப் போட்டதில் நிமிடத்துக்கு 30 எம்பி வந்தது. இரண்டிலும் ஒரே இரவுக் காட்சியை அடுத்தடுத்து ஓட்டினேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டார். "இங்க ஒரு ஆள் நிக்கிறானா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். அன்று இரவு முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அம்மாவின் தொடர்

படம் பற்றிய அளவுகோல் டிவி தொடர்களுக்குப் பொருந்தாது. நாகா இயக்கி, இந்திரா செளந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' அம்மாவுக்கு உயிர். 1990களின் தொடர்கள் அன்றைய டிவி அளவுக்காகவே பதிவானவை. மூலமே அவ்வளவுதான் என்பதால், நிமிடத்துக்கு 20 எம்பி இருந்தாலே நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம். 3 இன் 1 படத்துக்கு நான் கொடுக்காத பாஸ் மார்க்கைத் தொடர் டிஸ்க்குக்குத் தாராளமாகக் கொடுப்பேன்.

ஆனால் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது ஆட்கள் அசைந்தால் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய டிவி ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என இரு பாதியாகக் காட்டும். அதன் அடையாளம்தான் இது. விஎல்சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்யுங்கள். கோடுகள் மறைந்துவிடும்.

பாரிஸ் டிஸ்க்

எங்கள் ஊர்ப் பக்கம் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைய. சித்தி அங்கிருந்து லூயி தெ ஃப்யூனே நடித்த பழைய நகைச்சுவைப் படங்களைக் கொண்டு வந்திருந்தார். கெப்பித் தொப்பி போட்ட போலீஸ்காரர் செய்யும் கூத்து, புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! ஆனால் டிரைவ் அதை ஏற்க மறுத்தது.

காரணம் ரீஜன் கோடு. இந்தியா 5, பிரான்ஸ் 2. டிரைவ் புராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் டேபில் டிரைவைத் தேர்ந்தெடுத்து, மீண்டும் புராப்பர்ட்டீஸ் சென்றால் டிவிடி ரீஜன் என்ற டேப் இருக்கும். அங்கே நாட்டை மாற்றலாம். ஆனால் மொத்தம் ஐந்து முறைதான்! கடைசியாக எதை வைக்கிறோமோ அதிலேயே டிரைவ் பூட்டிக் கொள்ளும். இது தெரியாமல் நான் பிரான்ஸ், இந்தியா என்று மாறி மாறி நான்கை வீணாக்கிவிட்டேன். இப்போது புது டிரைவை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, பழைய டெஸ்க்டாப் டிரைவை பிரான்சுக்கு ஒதுக்கிவிட்டேன். டிஸ்க் உறையில் 0 அல்லது "ஆல்" என்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் காப்பாற்ற வேண்டியது

கடை டிஸ்க்குகள் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. ஸ்டூடியோக்காரர் ரைட் செய்து தந்த திருமண, காதுகுத்து டிஸ்க்குகள் சாயத்தின் மேல் எழுதப்பட்டவை. வெயில், வெப்பம், ஈரக் காற்று மூன்றும் அந்தச் சாயத்துக்கு எதிரி. கடலுக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில் என் காதுகுத்து விசிடியின் இரண்டாவது டிஸ்க் பாதிக்கு மேல் ஓடவில்லை. அதில் இருந்த தாத்தா இனி எங்களுக்கு இல்லை. அவர் பேசிய வேறு வீடியோவும் கிடையாது.

எனவே சினிமாவை விட்டுவிட்டு முதலில் இவற்றை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். விசிடியில் எம்பெக்ஏவி என்ற போல்டரிலும், டிவிடியில் வீடியோ_டிஎஸ் என்ற போல்டரிலும் படம் இருக்கும். போல்டரை அப்படியே காப்பி செய்தால் போதும்; விஎல்சியில் ஓடும். பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவில் இருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். தகவல் வட்டமாகப் பதிவாகி இருப்பதால், வட்டக் கீறல்தான் ஒரே இடத்தில் அதிகம் அழிக்கும். சிடியில் எழுத்துள்ள மேல் பக்கத்துக்கு அடியிலேயே தகவல் இருப்பதால், அந்தப் பக்கத்தில் கீறல் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டு மார்க்

இப்போது அப்பா ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு மார்க்: படத்துக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று. டிஸ்க் மார்க் குறைவாக இருந்தால் படத்தின் மார்க்கைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது அவரே போட்ட விதி. நல்ல பிரதி கிடைக்கும்போது திருத்தலாம் அல்லவா!

பழைய பேப்பர்காரருக்கு "3 இன் 1" கட்டு மட்டும் போனது. 'நாயகன்' விசிடி இன்னும் பீரோவில் இருக்கிறது. "இருக்கட்டும், எனக்கு ஏன் புரியலன்னு ஞாபகம் இருக்கும்" என்கிறார் அப்பா. உங்கள் வீட்டு டிஸ்க்குகளைத் தூக்கிப் போடும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.