சாவேஸ் ரவீன் வாய்மொழி வரலாறு: நினைவில் இணையும் இரு வெளியேற்றங்கள்

திறவுச்சொற்கள்: வாய்மொழி வரலாறு, மெக்சிக வழியினர், லாஸ் ஏஞ்சலஸ், கூட்டு நினைவு, இடப்பெயர்வு

லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்திற்கு வடக்கேயுள்ள குன்றுகளில் லா லோமா, பாலோ வெர்தே, பிஷப் எனும் மூன்று குடியிருப்புகள் இருந்தன. இவற்றின் பொதுப்பெயர் சாவேஸ் ரவீன். 1910இல் தொடங்கிய மெக்சிகப் புரட்சியின் கொந்தளிப்பிலிருந்து வந்தோர் பலர் இங்கு வேரூன்றினர். மெக்சிகருக்கு வீடு விற்கலாகாது எனும் பத்திரக் கட்டுப்பாடுகள் நகரின் பல பகுதிகளில் நிலவிய காலத்தில், அவர்கள் சொந்த மனை வாங்க இடந்தந்த பகுதி இது.

1940களின் இறுதியில் டான் நார்மார்க் எனும் இளம் ஒளிப்படக் கலைஞர் இவ்வூர்களைப் படம்பிடித்தார். அரை நூற்றாண்டு கழிந்தபின் அப்படங்களுடன் முன்னாள் குடியினரைத் தேடிச் சென்று, அவர்தம் கூற்றுகளைத் திரட்டி 1999இல் நூலாக்கினார். படத்தைக் காட்டிப் பேசவைத்தல் இங்கு ஆய்வுமுறையாகவே அமைந்துவிட்டது. ஆயினும் படம் நினைவைத் தூண்டுவதோடு அதற்கு எல்லையும் இடுகிறது. சட்டகத்திற்கு வெளியே நின்ற வீடு பேச்சிலும் விடுபடக்கூடும்.

இக்குடியினரின் நினைவில் ஒரு காலமயக்கம் பரவலாக உள்ளது. 'விளையாட்டரங்கிற்காக எங்களை வெளியேற்றினர்' என்பதே அது. ஆவணங்கள் கூறுவது வேறு. 1950 ஜூலையில் நகர வீட்டுவசதி ஆணையம், பொதுக்குடியிருப்புத் திட்டத்திற்காக வீடுகளை விற்குமாறு கடிதம் அனுப்பியது. புதிய வீடுகளில் முன்னுரிமை தரப்படும் என்றும் உறுதியளித்தது. பெரும்பாலோர் அப்போதே வெளியேறினர். ரிச்சர்டு நியூட்ராவும் ராபர்ட் அலெக்சாண்டரும் வடிவமைத்த அத்திட்டம் பொதுவுடைமை எதிர்ப்பு அலையில் சிக்கியது. 1953இல் நார்ரிஸ் பவுல்சன் மேயரானபின் அது கைவிடப்பட்டது. டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியுடன் நகர் செய்த ஒப்பந்தத்திற்கு 1958 வாக்கெடுப்பு குறுகிய வேறுபாட்டில் ஒப்புதல் தந்தது. எஞ்சியோர் 1959 மே மாதம் அகற்றப்பட்டனர். அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது.

இக்காலமயக்கத்தைப் பிழையென ஒதுக்குவது எளிது. இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் கொல்லப்பட்ட தொழிலாளி ஒருவரின் இறப்பைத் தகவலாளர்கள் 1953க்கு மாற்றிக் கூறியதை ஆராய்ந்த அலெசாந்த்ரோ போர்தெல்லி, பிழையான கூற்றே பொருளுணர்த்தும் சான்றாகும் எனக் காட்டினார். சாவேஸ் ரவீனுக்கும் இது பொருந்தும். 1959இல் காவலர்கள் ஒரு பெண்ணைக் கைகால் பற்றித் தூக்கிச் சென்றதைக் கேமராக்கள் பதிவுசெய்தன. அதற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பமாக விற்றுச் சென்றதற்கு அத்தகைய காட்சிப்பதிவு இல்லை. காட்சியற்ற இழப்பு காட்சியுள்ள இழப்பில் தஞ்சம் புகுந்தது எனலாம். மேலும், வாக்குறுதி தந்த திட்டம் கட்டடமாக எழவேயில்லை. அரங்கமோ இன்றும் கண்முன் நிற்கிறது.

புலம்பெயர்வு, இடப்பெயர்வு என்பவற்றைத் தமிழாய்வுகள் சிலபோது ஒன்றாகவே ஆள்கின்றன. இங்கு இரண்டும் ஒரே குடும்பத்தில் நிகழ்ந்துள்ளன: பெற்றோர் எல்லை கடந்தனர், அந்நகரிலேயே பிறந்த மக்கள் தம் ஊரை இழந்தனர். பின்னவர் தம்மை 'லாஸ் தெஸ்தெராதோஸ்', அதாவது மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டோர், என அழைத்துக்கொள்கின்றனர். இப்பெயரில் வெளியேற்றியவரும் இல்லை, ஆண்டும் இல்லை. 1951இல் விற்றுச் சென்றவரும் 1959இல் தூக்கிச் செல்லப்பட்டவரும் அதனுள் அடங்குவர்.