இரண்டாம் மொழியா, அயல்மொழியா?

வகுப்பில் கற்று வெளியிலும் புழங்கும் வேற்றுமொழி இரண்டாம் மொழி. வகுப்போடு நின்றுவிடுவது அயல்மொழி. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் காரைக்காலில் அலுவலக மொழி பிரெஞ்சு, ஆங்கிலம் அயல்மொழியே. ஆங்கிலேயர் ஆண்ட அண்டை நாகப்பட்டினத்திலோ அது நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் வழங்கிய இரண்டாம் மொழி.

இன்று இங்கும் அலுவலகங்களில் ஆங்கிலம் உண்டு. ஆயினும் கிளிஞ்சல்மேட்டில், என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு அது அயல்மொழிதான். தேர்வில் எழுதினேன், பேச நா எழவில்லை. ஒருநாள் படகுக்கு வாங்கிய ஜி.பி.எஸ். கருவியின் ஆங்கிலக் கையேட்டைப் படித்து அப்பாவுக்கு விளக்கினேன். அன்றுதான் அம்மொழி வகுப்பறையைத் தாண்டியது.

புழக்கமே அயலை அண்டையாக்குகிறது. நண்பர்களே, ஆய்வுக்கூடத்திலாவது பிழையோடேனும் பேசிப் பழகுவோம்; சிரிப்பவர் சிரிக்கட்டும்!