வெறியாட்டும் மீனாவின் மௌனமும்: ‘கொட்டுக்காளி’ காட்டும் கல்லூரிக்குப் பிந்தைய காதல்

தலைவியின் மெலிவுக்கு முருகணங்கே காரணம் என ஐயுற்ற தாய், வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவது குறிஞ்சித்திணைப் பாடல்கள் பல கையாளும் துறையாகும். உண்மைக் காரணத்தைத் தலைவியும் தோழியும் அறிவர்; தாய் அறியாள். அவ்வறியாமையின் மீதே துறை நிற்கிறது. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கத்தில் 2024இல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்றுப் பின்னர்த் திரையரங்குகளுக்கு வந்த ‘கொட்டுக்காளி’, இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. கல்லூரிக்குச் சென்ற மீனா (அன்னா பென்) வேற்றுச் சாதி இளைஞன் ஒருவனைக் காதலித்ததைச் சுற்றத்தார் அனைவரும் அறிவர். அறிந்தும் அதனைப் பேய்க்குற்றமாக்கி, அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்கு மறி பலியானது போல, இங்குக் காலில் கயிறு கட்டிய சேவல் ஒன்று உடன் வருகிறது.

மதுரை வட்டாரப் பெண்கள் உயர்கல்வி பெறத் தல்லாகுளத்தில் 1948இல் தொடங்கப்பெற்ற டோக் பெருமாட்டி கல்லூரி போன்றவை வழிவகுத்தன. அத்தகைய கல்லூரி வாழ்வு எதனையும் படம் காட்டுவதில்லை. காதலனும் காட்சிப்படுவதில்லை, நினைவுக் காட்சியும் இல்லை. வழக்கமான காதற்படங்கள் விரித்துரைக்கும் பகுதி முழுவதும் நீக்கப்பட்டு, படிப்பு முடிந்ததும் முறை மாப்பிள்ளையாகிய பாண்டி (சூரி) கோரும் உரிமை மட்டுமே எஞ்சுகிறது.

படத்தைத் தயாரித்தது முன்னணி நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம்; எனவே முதலீட்டு நிலையில் இதனைச் சுயாதீனத் திரைப்படம் என்பது முழுதும் பொருந்தாது. பின்னணி இசையையும் பாடற்காட்சியையும் விலக்கிய ஆக்கமுறையிலேயே அதன் சுயாதீனம் உள்ளது. இசையற்ற அப்பரப்பில், வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டுக்கு மீனா தன்னையறியாமல் முணுமுணுப்பதே பெருங்குற்றமாகிறது. பாண்டி அவளை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களும் அடிபடுகின்றனர். படத்தின் பெரும்பகுதியும் பேசாதிருப்பவள் வாய்திறந்த அரிய தருணம் அது.

சங்க மரபில் வெறியாட்டைத் தடுத்து நிறுத்துவது அறத்தொடு நிற்றல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழி செவிலியிடம் களவை எடுத்துரைக்கிறாள். மீனாவுக்குத் தோழி இல்லை. இருந்தாலும் பயனில்லை, வெளிப்படுத்த இரகசியம் ஏதுமில்லை. அறத்தொடு நிற்றல் என்னும் துறையே செயலற்றுப்போன சூழலில் பிடிவாதமான மௌனம் ஒன்றே அவளுக்குரிய மறுமொழி. தலைப்பின் வட்டார வழக்குப் பொருளும் அப்பிடிவாதமே.

இறுதியில், மற்றொரு பெண்ணுக்குச் சாமியாடி செய்யும் ‘வைத்தியத்தை’ப் பாண்டி பார்த்து நிற்கிறான். மீனாவின் முறை வருமுன் படம் நின்றுவிடுகிறது.